காற்று எங்கே போகும், ஐயா?



இன்று ஒரு மகிழுந்தின் முகப்பைப் பற்றி எழுதப் போகிறேன். இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிக்கொண்டிருந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையோடு படியுங்கள். இது வகுப்பறையைப் பற்றிய செய்திதான்.

2024ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்த வாரத்தில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் என் இல்லத்திற்கு வந்தார். மகனுக்கு அகவை 19. தொழிற்கல்லூரி ஒன்றில் வாகனத் தொழில்நுட்பம் பயில்கிறான். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. ஒன்றை வாங்கியிருந்தான். 1998இல் வெளிவந்த, 1.8 லிட்டர் இயந்திரம் கொண்ட அந்தச் சிறிய விளையாட்டு மகிழுந்துக்கு நம் நாட்டு இளைஞரிடையே இன்றும் தனி மதிப்பு உண்டு. லோட்டஸ் நிறுவனத்தின் கைவண்ணம் அதில் இருப்பது அதற்கு ஒரு காரணம்.

வாங்கியவன் அப்படியே ஓட்டியிருக்கலாம். "இயந்திரத்திற்கு நிறைய காற்று வேண்டும்" என்று நண்பர்கள் சொன்னார்களாம். ஒரு பட்டறையில் முன் பம்பரை அகலமாக வெட்டி, கிரில்லை எடுத்துவிட்டுப் பளபளக்கும் கம்பி வலையைப் பொருத்தினார்கள். இடையூறாக இருந்த நெகிழித் தடுப்புகளைக் கழற்றி எறிந்தார்கள். பானெட்டின் பின்விளிம்பைச் சிறு வளையங்கள் வைத்து உயர்த்தினார்கள். பார்ப்பதற்குப் பந்தய வண்டி போல ஆயிற்று.

தீபாவளிக்கு மறுநாள் தாயையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு பெந்தோங்கில் உள்ள உறவினர் வீட்டிற்குக் காராக் நெடுஞ்சாலையில் போயிருக்கிறான். கெந்திங் செம்பா ஏற்றத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தவன், பதற்றத்தில் ரேடியேட்டரின் மூடியையும் திறந்துவிட்டான். கொதிநீர் பீறிட்டு வலது முன்கையைச் சுட்டது.

"படிப்பும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம், ஏதாவது கடையில் வேலைக்குச் சேரட்டும் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார், ஐயா. நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். அந்த வண்டியை விற்கச் சொல்லுங்கள்" என்றார் அந்தத் தாய்.

அறிவுரை கூறும் எண்ணத்தோடுதான் போனேன். கையில் கட்டுடன் அமர்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நான் பேசத் தொடங்கும் முன் அவனே கேட்டான்: "ஐயா, ஓட்டையைப் பெரிதாக்கிய பிறகு ஏன் சூடு அதிகமாயிற்று? அது மட்டும் எனக்கு விளங்கவில்லை."

அந்தக் கேள்வி என்னை 2017ஆம் ஆண்டிற்கு இழுத்துச் சென்றது. அப்போது அவன் ஆறாம் ஆண்டு மாணவன். கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவத்தியை எரியவிடும் சோதனையைச் செய்து காட்டினேன். கீழே ஓர் ஓட்டை மட்டும் இருந்தால் சுடர் மங்கும். மேலேயும் ஓர் ஓட்டை இருந்தால் நன்றாக எரியும். "உள்ளே போன காற்று பிறகு எங்கே போகும், ஐயா?" என்று எழுந்து கேட்டவன் இவன்தான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் தேர்வில் வராது, உட்கார்" என்றேன்.

அன்று நான் விடை சொல்லியிருந்தால் காராக் சாலையில் அவன் கை வெந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. எனினும் அவன் கேட்டது சரியான கேள்வி. அதே கேள்விக்கான விடைதான் அந்த மகிழுந்தின் முகப்பிலும் இருந்தது.

அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் ஆற்றல் முழுவதும் சக்கரத்திற்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீருக்குள் வெப்பமாக இறங்குகிறது. அந்த வெப்பத்தை ரேடியேட்டர் வழியாகக் காற்று எடுத்துச் செல்ல வேண்டும். முன்னால் துளை இருந்தால் காற்று தானே உள்ளே போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் காற்று அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே பாயும். ரேடியேட்டருக்கு முன்னால் அழுத்தம் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் அதன் நுண்ணிய இடைவெளிகளில் காற்று புகும். பின்புறத்திலிருந்து காற்று வெளியேறாவிட்டால், முன்புறத்தை எவ்வளவு வெட்டினாலும் பயனில்லை.

அவனுடைய வண்டியில் நிகழ்ந்தவை நான்கு.

முதலாவது, கழற்றி எறிந்த நெகிழித் தடுப்புகள். அவை பம்பரின் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை காற்றை வழிநடத்துபவை. அவை இல்லாதபோது காற்று எளிதான வழியைத் தேடி ரேடியேட்டரைச் சுற்றி ஓடிவிடும். வாய்க்காலின் கரையை உடைத்துவிட்டு மதகை அகலப்படுத்தியது போன்ற வேலை இது.

இரண்டாவது, வண்டியின் அடித்தகடு. அதையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ரேடியேட்டரைக் கடந்த வெப்பக் காற்று பெரும்பாலும் கீழ்ப்புறமாகவே வெளியேறுகிறது. தகடு இல்லாவிட்டால் சாலையோரக் காற்று அடியிலிருந்து மேலேறி, வெளியேறும் காற்றைத் தடுக்கக்கூடும்.

மூன்றாவது, உயர்த்திய பானெட். நம் இளைஞர் பலர் செய்யும் வேலை இது. வண்டி நிற்கும்போது வெப்பம் மேலே வெளியேறும் என்பது உண்மை. ஓடும்போது நிலைமை வேறு. முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று மோதி நிற்பதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. மகிழுந்தினுள் நாம் சுவாசிக்கும் காற்றுக்கான வாயிலை அங்கே வைப்பதும் அதனால்தான். காற்று உள்ளே வர விரும்பும் இடத்தில் அதற்கு வெளியேறும் வழி அமைத்தால் எப்படிப் போகும்?

நான்காவது, அந்தப் பளபளக்கும் வலை. இதற்கு ஆறாம் ஆண்டுக் கணிதமே போதும். கம்பியின் தடிமன் 2 மில்லிமீட்டர், சதுரத் துளையின் பக்கம் 6 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் 8 மில்லிமீட்டர் ஆகும். பரப்பளவு 64, அதில் திறந்திருப்பது 36. விழுக்காட்டில் சொன்னால் 56.25 மட்டுமே. வெட்டிப் பெற்ற அகலத்தில் பெரும்பகுதியை வலையே விழுங்கிவிட்டது.

இத்துடன் காற்று வடிகட்டியையும் மாற்றி, ரேடியேட்டருக்குப் பின்னால், இயந்திர அறைக்குள்ளேயே திறந்தபடி வைத்திருந்தார்கள். வேகமாகப் போனால் காற்று தானாகவே இயந்திரத்திற்குள் திணிக்கப்படும் என்பது அவர்கள் கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் ஏறக்குறைய 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு இலட்சம் பாஸ்கலுக்கும் சற்று மேல். ஆக, கிடைக்கக்கூடிய ஆதாயம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் 30 பாகை செல்சியஸ் காற்றுக்குப் பதிலாக 60 பாகை வெப்பக் காற்றை இயந்திரம் உறிஞ்சினால், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. அரை விழுக்காட்டை நாடிப் போய் ஒன்பதை இழந்த கதை இது.

நல்ல வடிவமைப்பாளர்கள் வாயைப் பெரிதாக்குவதோடு நிற்பதில்லை. மெரெடித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1930களில் விமானங்களின் ரேடியேட்டரைப் பற்றி ஆராய்ந்தார். சிறிய வாயில் வழியாகக் காற்றை விட்டு, விரியும் குழாயில் அதன் வேகத்தைக் குறைத்து, ரேடியேட்டரைக் கடந்தபின் குறுகும் வழியாக வெளியேற்ற வேண்டும் என்பது அவர் கருத்து. 1940இல் முதன்முதலில் பறந்த முஸ்டாங் போர் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் இந்த அமைப்பைக் காணலாம். அதில் காற்று வெளியேறும் வாயிலைத் திறக்கவும் குறுக்கவும் முடியும். 1999இல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 6 மகிழுந்தில் பம்பரில் இருந்த பெரிய பனிவிளக்குகளைச் சிறிதாக்கி மூலைக்கு நகர்த்தினார்கள். காற்று செல்லும் வழியில் எது தடையாக நிற்கிறது என்று முதலில் பார்த்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் நான் முன்பே அறிந்திருந்தேன் என்று எண்ண வேண்டாம். பெரும்பகுதியை அவனோடு அமர்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அழுத்தம், அடர்த்தி, பரப்பளவு, விழுக்காடு ஆகிய சொற்கள் எல்லாம் அவன் நம் தமிழ்ப்பள்ளியில் கற்றவை. அவற்றைக் கொண்டே எல்லாவற்றையும் பேச முடிந்தது.

பிறகு ஒரு சோதனை செய்தோம். மீன் தொட்டிக்குப் பயன்படும் தெளிவான குழாயை வாங்கி, 'ப' வடிவில் வளைத்து, ஒரு பலகையில் கட்டி, வண்ணம் கலந்த நீரை ஊற்றினோம். ஒரு முனையிலிருந்து நீண்ட குழாயை ரேடியேட்டருக்கு முன்னாலும், மறு முனையிலிருந்து அதற்குப் பின்னாலும் கொண்டுபோய், குழாயின் வாய் காற்றை நேரே நோக்காதபடி கட்டினோம். அவன் தாய்மாமன் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் பலகையைப் பிடித்துக்கொண்டேன். கையில் கட்டுடன் அவன் பின்னிருக்கையில் இருந்து குறித்துக்கொண்டான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தமும் கிடைத்தால் நீர்மட்டத்தில் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் வேறுபாடு தெரிய வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 10.

மறு வாரம் பழைய நெகிழித் தடுப்புகளைத் தேடிப் பொருத்தினான். ரேடியேட்டரின் ஓர இடைவெளிகளை நுரைப் பட்டையால் அடைத்தான். அடித்தகட்டை மாட்டினான். பானெட் வளையங்களை எடுத்தான். நெருக்கமான வலைக்குப் பதிலாக அகன்ற கண் கொண்ட வலையை வைத்தான். அதே சாலையில் அதே வேகத்தில் சென்றோம். வேறுபாடு 20 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நின்றது. வெட்டிய பம்பரை அவன் மேலும் வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். "ஐயா, காற்று இப்போது வெளியே போகிறது" என்றான். ஏழாண்டுக்குப் பிறகு அவன் கேள்விக்கு அவனே விடை கண்டுபிடித்தான்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, என் கருத்து இதுதான். வண்டியை மாற்றியமைக்கும் பிள்ளைகளைக் கண்டால் நமக்கு உடனே சினம் வருகிறது. வீண் செலவு, கெட்ட சகவாசம், படிப்பு வராதவன் என்று பட்டம் கட்டிவிடுகிறோம். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சாலையில் உயிர்கள் போகின்றன. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுபவனுக்காக நான் ஒரு சொல்லும் பரிந்து பேச மாட்டேன். ஆனால் அந்தப் பையனின் தவறு ஆர்வம் கொண்டதில் இல்லை. அளந்து பார்க்காமல் வெட்டியதில் இருக்கிறது. அளந்து பார்க்கும் பழக்கத்தை நாம் அவனுக்குக் கற்றுத் தரவில்லை. விடையை மனப்பாடம் செய்யத்தான் கற்றுத் தந்தோம். நண்பன் சொன்னதை அவன் அப்படியே நம்பியதும் அந்தப் பயிற்சியின் விளைவே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று அதட்டுவதற்கு முன், "செய்ததால் பயன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?" என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அவனே கத்தியைக் கீழே வைப்பான். வெட்டுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளைக் கேட்டறியச் சொல்லுங்கள். எண் பலகையை மறைக்கும் எந்த மாற்றமும் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது என்பதையும் வண்டிச் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகிப் பீறிடும்.

ஆசிரியர்களுக்கும், முதலில் எனக்கும், ஒரு சொல். "தேர்வில் வராது" என்ற சொற்றொடரை வகுப்பறையிலிருந்து அகற்றுவோம். யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. என்னுடைய சாக்கும் அதனோடு போயிற்று. பழக்கம்தான் இன்னும் முழுமையாகப் போகவில்லை. சில வெள்ளிக்குக் கிடைக்கும் தெளிந்த குழாயும் வண்ண நீரும் போதும், நான்கு சுவருக்குள் காற்றழுத்தத்தைக் கண்ணால் காட்ட. மின்விசிறியின் முன் குழாயின் ஒரு முனையைப் பிடித்தாலே நீர்மட்டம் சிறிது அசையும். அந்தச் சிறு அசைவைப் பார்த்த பிள்ளை பிறகு எதையும் சும்மா நம்பாது.

அவனுடைய முன்கையில் தழும்பு இருக்கிறது. தந்தையார் இன்னும் முழுமையாகச் சமாதானமாகவில்லை. ஆனால் கல்லூரியிலிருந்து நிறுத்தும் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. சென்ற மாதம் தம்முடைய பழைய வண்டியின் வெப்பமானி முள் ஏறுகிறது என்று மகனிடமே சொன்னாராம். நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறுகிறதா, வேகமாகப் போகும்போதும் ஏறுகிறதா என்று மகன் முதலில் கேட்டிருக்கிறான். நெரிசலில் மட்டும் என்றால் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். வேகத்திலும் ஏறினால் வேறு இடத்தில் தேட வேண்டும். எதையும் கழற்றும் முன் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான் என்று அவன் தாயார் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு நிறைவாக இருந்தது.

உங்கள் வகுப்பிலும் இப்படிக் கேள்வி கேட்டு, உட்கார வைக்கப்பட்ட ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்தக் கேள்வி என்ன என்பதை நினைவுபடுத்தி எழுதுங்கள். சேர்ந்து விடை தேடுவோம்.