வீட்டுக்குப் பயந்த பிள்ளைகள்

போன வாரம் கடற்கரையில் நாங்கள் நான்கு கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். பேச்சு பொள்ளாச்சி வழக்குப் பக்கம் போயிற்று. ஒருவர் சொன்னார்: "என்னதான் தண்டனை கிடைச்சாலும், அந்தப் புள்ள வாயைத் திறக்காம இருந்திருந்தா குடும்பம் நிம்மதியா இருந்திருக்கும்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அன்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன்.

எந்த நிம்மதி? அந்தக் கும்பல் பெண்களைக் கெடுத்து, செல்போனில் படமெடுத்து, அதைக் காட்டியே மிரட்டியது. மிரட்டல் பலித்தது எதனால்? 'வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்ற பயத்தால். அந்தப் பயத்தை வளர்த்தது நம்மைப் போன்ற பெரியவர்கள்தான்.

2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி வீட்டில் சொன்னாள். அண்ணன் அவள் பக்கம் நின்றார். புகார் கொடுத்ததற்காக அடியும் வாங்கினார். அவள் பெயரை ஊரறியச் சொன்னது யார்? காவல்துறை உயரதிகாரி! அரசாணையிலும் பெயர் வந்தது. பெயரை வெளியிடுவதே சட்டப்படி குற்றம். அவளுக்கு 25 லட்சம் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. ஒரு வீடு அவளைக் கைவிடாததால் வந்த தீர்ப்பு இது.

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்; பிரான்ஸ் செய்திகளை இன்றும் படிப்பேன். 2024-இல் அவிஞ்ஞோன் நகரில் ழிசேல் பெலிக்கோ என்ற அம்மா தன் பெயரை மறைக்காமல், எல்லோரும் பார்க்க வழக்கை நடத்தச் சொன்னார். வெட்கப்பட வேண்டியது குற்றவாளி என்றார். எழுபதைத் தாண்டியவர், நம் வயதுக்காரர். பெற்ற பிள்ளைகள் நீதிமன்றத்தில் உடன் இருந்தார்கள்.

சொன்னால் உறவு ஆட்டம் காணும் என்பது உண்மைதான். புருஷன் முகம் திருப்பலாம், சம்பந்தி பேச்சை நிறுத்தலாம். ஆனால் உறவை முறிப்பது அவள் சொன்ன சொல் அல்ல; "நீ ஏன் அங்கே போனே?" என்று நாம் கேட்கும் முதல் கேள்விதான். நம் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் உம்மா வீட்டிலேயே இருக்கிறாள், மாப்பிள்ளைதான் வருகிறார். நானும் அப்படி வந்தவன். அந்த வீடே அவளைக் குற்றவாளியாகப் பார்த்தால், அவள் எங்கே போவாள்?

பேத்தி வந்து சொன்னால், "சொன்னது நல்லதும்மா, நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். பிறகு 181-க்குப் போன் செய்யுங்கள். மானம் போவதெல்லாம் வாயை மூடச் சொல்கிறவனுக்குத்தான்.

இதையே நாளை கடற்கரையில் அந்த நண்பரிடம் நேரிலும் சொல்வேன்.