இல்லமும் அறிவியலும்: அடைப்பு எங்கே?



"எங்கள் மடிக்கணினி பழையது, இணையம் ஆமை போல் ஊர்கின்றது. உள்ளே ஏதேனும் பாகத்தை மாற்றினால் வேகம் கூடுமா?" நம் பங்குக் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா இது. விடை கூறுமுன், 2002-ஆம் ஆண்டில் பொம்மையார்பாளையத்தில் என் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறிவிடுகிறேன். பணம் கொடுத்து நான் கற்ற பாடம் அது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995 ஆகஸ்டு 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் அதனைத் தொடங்கிவைத்தது. பின்னர் அது சிற்றூர்களை எட்டியபோதும் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. கணினி ஓர் எண்ணைச் சுழற்றும். மோடம் என்னும் கருவி கீச்சிட்டு இரையும். அதன் பின்னரே இணைப்புக் கிட்டும். இணைப்பு முடியும்வரை வீட்டுத் தொலைபேசியில் எவரும் பேசலாகாது.

அவ்வாண்டில் என் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தாள். முடிவையும் கல்லூரிச் செய்திகளையும் வீட்டிலிருந்தே பார்க்கவேண்டும் என்பது அவள் விருப்பம். எங்களிடம் இருந்ததோ பிறர் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினி ஒன்று. ஒரு பக்கம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். நினைவகத்தைக் கூட்டினால் இணையம் பறக்கும் என்று நானே முடிவு செய்தேன். அவளுடைய கல்லூரிச் சேர்க்கைக்கென வைத்திருந்த தொகையிலிருந்து 3,000 ரூபாயை எடுத்து, புதுவைக்குச் சென்று புதிய நினைவகம் பொருத்தி வந்தேன்.

பயன் இல்லாமல் இல்லை. கணினி விரைவாகக் கண்விழித்தது. நிரல்கள் சட்டெனத் திறந்தன. ஆனால் இணையப் பக்கமோ முன்போலவே வரி வரியாய் இறங்கிற்று. மகள் ஒன்றும் கூறவில்லை. அந்த மௌனம் எனக்குச் சுட்டது.

காரணம் எளிது. மனிதக் குரலுக்கென அமைந்தது தொலைபேசி. வினாடிக்கு 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளையே அது சுமக்கும். எண்முறைத் தொலைபேசி நிலையம் அக்குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 துணுக்குகளாக மாற்றும். ஆக, வினாடிக்கு 64,000 துணுக்குகளே அவ்வழியின் உச்சவரம்பு. மிகச் சிறந்த மோடமும் 56,000-க்கு மேல் பெற இயலாது. வீடுகளில் 44,000 கிட்டினாலே நன்று. கம்பியில் இரைச்சல் மிகுந்தால், பிழை நேராதிருக்க மோடம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மெகாபைட் அளவுள்ள படம் 44,000 வேகத்தில் மூன்று நிமிடங்களில் வந்துசேரும். 24,000 வேகத்தில் ஆறு நிமிடங்கள் ஆகும். வாய்க்காலில் அடைப்பு இருக்கையில் வீட்டுத் தொட்டியைப் பெரிதாக்கினால் நீர் விரைந்து வருமா?

கணினியின் மீதே பிழை இருப்பதும் உண்டு. அந்நாளைய மடிக்கணினிகள் சிலவற்றில் மோடத்தின் வேலையில் பெரும்பங்கைக் கணினியின் மூளையே சுமந்தது. மூளை மெதுவானதாயின் இணைப்பும் தடுமாறும். அத்தகையோருக்கு வெளியே பொருத்தும் தனி மோடம் உதவிற்று. எனது நிலை அதுவன்று.

"ஊரிலிருந்து அம்மா பேசினால் கரகரவென்று பாதிப் பேச்சு காதில் விழவில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லி வருகிறேனே, நீங்கள் கேட்டால்தானே!" என்றார் என் மனைவி. மறுநாள் தொலைபேசிக் கம்பி பார்க்கும் லைன்மேன் வந்தார். "ஐயா, கணினியைக் கழற்றிவிட்டு வெறும் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேளுங்கள்" என்றார். கேட்டேன், கடலலை போன்ற இரைச்சல். கடற்புறச் சன்னலருகே நானே கம்பியை முறுக்கி நாடா சுற்றியிருந்த இணைப்பை அவர் பிரித்துக் காட்டினார். உப்புக்காற்றில் செம்பு பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. அதனை வெட்டி நீக்கிப் புதிய கம்பி இட்டார். அன்று மாலை 24,000 என்று காட்டிய திரை 44,000 என்று காட்டிற்று. கம்பிக்கு ஆன செலவு நூறு ரூபாய்கூட இல்லை.

அவ்வளவு மெல்லிய கம்பியும் பெரும்பணி ஆற்றவல்லது என்பதற்கு நம் கடற்கரையே சான்று. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையம் தொலைபேசிக் கம்பி வழியே செய்திகளைப் பெற்று, வானொலிக் கருவிகளால் ஊர்களுக்கு அனுப்பிற்று. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் வெளியான அலை உயரக் கணிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர் காதுகளை எட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து ஒரு மகன் தன் ஊராகிய நல்லவாட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அச்செய்தியை அறிவித்தனர். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் பிழைத்தன. அவர்களைக் காத்தது கருவியின் வேகமன்று. செய்தி வந்ததும் செவிசாய்த்துச் செயற்பட்டமையே.

தொலைபேசி இணையக் காலம் மறைந்துவருகின்றது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டம்பர் 30 அன்று அச்சேவையை நிறுத்திற்று. எனினும் வினா மாறவில்லை. விடை காணும் முறையும் மாறவில்லை. மெதுவான மடிக்கணினியின் அருகே கைப்பேசியை வைத்து, அதே வைஃபை இணைப்பில் இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் மெதுவாயின் குறை இணைப்பில் உள்ளது, கணினிக்குச் செலவிடாதீர். கைப்பேசி விரைந்து, கணினி மட்டும் தயங்கினால் குறை கணினியில்தான். அப்போதும் புதியது வாங்க விரையவேண்டாம். சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே இருப்பின் அதனை 8 ஆக்கினால், பத்தாண்டுப் பழமையான கணினியும் பெரும்பாலும் மாணவருக்குப் போதும். அதன் வைஃபை பாகம் பழையதாயின், யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு கருவி உதவும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டமையால், புதிய விண்டோஸை ஏற்காத கணினியில் விலையில்லா லினக்ஸை நிறுவலாம். முன்னதாகப் பிள்ளைகளின் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க மறவாதீர்.

அவ்வாண்டு என் மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். எடுத்த 3,000 ரூபாயை அவளுடைய சேர்க்கைக்கு முன் திரும்ப வைக்க நான் சிலரிடம் கைமாற்று வாங்க நேர்ந்தது. இன்று வீட்டில் எது பழுதானாலும், கடைக்குப் புறப்படுமுன் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதைப் பற்றி முன்பே ஏதாவது சொன்னாயா?" பெரும்பாலும் சொல்லியிருக்கிறார்.