இரைச்சலும் இசையும்

புதிய இசையொன்று எழுந்த காலத்திலெல்லாம் அதனை முதலிற் கேட்டோருட் பலர் கூறிய தீர்ப்பு ஒன்றே: 'இஃது இசையன்று, வெறும் இரைச்சல்.' இத்தீர்ப்பைக் கூறுதல் எளிது. கூறுமுன் இரண்டு வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நன்று. இரைச்சல் என்போர் யாவர்? எவருடைய ஓசையை அவர் அங்ஙனம் இகழ்கின்றனர்? இவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னை இளைஞர் குழுவினரையும், 'மகிழ்ச்சி' என்னும் அவர்தம் முதல் இசைத்தொகுதியையும் பற்றி எம் கருத்தை ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையத்தின் ஆதரவிலே, தென்மா என்னும் இசையமைப்பாளர் இக்குழுவை உருவாக்கினார். 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், கீழ்ப்பாக்கத்திலுள்ள சி.எஸ்.ஐ. பெயின் பள்ளித் திடலில் இவர்களுடைய முதல் நிகழ்ச்சி நடந்தது. குழுவினர் பத்தொன்பதின்மர். அவருள் பெண்பாலார் ஒருவரே; அவர் இசைவாணி. கானாப் பாட்டு ஆடவர்க்கே உரியதென்றிருந்த நிலையை மாற்றிய இவரை, 2020ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்மணிகளுள் ஒருவராக எண்ணியது. மேடையில் ஒருபால் பறையும் சட்டியும் டோலக்கும் முழங்கின. மற்றொருபால் கித்தாரும் டிரம்சும் ஒலித்தன. அயோத்திதாச பண்டிதர் (1845-1914) எடுத்தாண்ட 'சாதியில்லாத் தமிழர்' என்னும் தொடரினின்றே குழுவின் பெயர் பிறந்தது. பெயரே கொள்கையாயிற்று.

மேனாட்டில் 'பங்க்' எனப்படும் இசை 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் தழைத்தது. நெடுநாட் பயிற்சியுடையோரும் பொருளுடையோருமே மேடைக்குரியர் என்றிருந்த நிலையை அது மறுத்தது. கித்தாரில் இரண்டு மூன்று பிடிகள் தெரிந்த எவனும் தன் மனத்திலுள்ளதைப் பாடலாம் என்றது. 1976-ல் வெளிவந்த 'ரமோன்ஸ்' குழுவினரின் முதல் தொகுதியிற் பாடல்கள் பதினான்கு; அனைத்தையும் கேட்டு முடிக்க அரைமணி நேரமும் ஆகாது. 1977-ல் 'தி கிளாஷ்' என்னும் இலண்டன் குழுவினர், தம் முதல் தொகுதியில் யமேக்கா நாட்டுப் பாடலொன்றைத் தம் முறையிற் பாடிச் சேர்த்தனர். அயல்வீட்டிற் குடியேறி வாழ்ந்த மக்களின் பாட்டு, இங்ஙனம் அவ்விளைஞர் பாட்டோடு கலந்தது.

நம் சென்னைக் குழுவினர் ஓசை வகையாற் பங்க் குழுவினர் அல்லர்; அவர்தம் அடிப்படை கானா. ஆயினும் உள்ளத்தால் இருவரும் ஒரு குலத்தவரே. சுருங்கப் பாடுதல், நேர்படப் பேசுதல், சினத்தை மறையாமை, இசைவு கேளாது மேடையேறுதல் ஆகியன இருவர்க்கும் பொது. வேறுபாடு ஒன்றுண்டு. மேனாட்டு இளைஞர், பயிற்சி வேண்டா என்று பழைய கலையைத் துறந்தனர். நம்மவர்க்கோ துறத்தற்குரிய கலை ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த கலை கைவசம் இருந்தது. இல்லாதிருந்தது மேடை ஒன்றே.

கானா என்பது வடசென்னையின் உழைக்கும் மக்கள் வளர்த்த பாட்டு. இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து, மாண்டவன் வாழ்வையும் நிலையாமையையும் பாடுதல் அதன் தலையாய பணி. இறந்தவனை முன்வைத்துப் பாடும் பாட்டிற்குத் தமிழிலக்கணத்திற் கையறுநிலை என்று பெயர். புலவன் பாடினாற் கையறுநிலை, துறைமுகத் தொழிலாளி பாடினால் இரைச்சல் என்பது எவ்விலக்கணத்தின் விதி? திரைப்படத்தார் இதனை எடுத்தாண்டபோது நாடு முழுதும் இசைந்தாடிற்று. அதனை ஆக்கினோர் குடியிருக்கும் தெருவை மட்டும் எவரும் எட்டிப் பார்த்திலர்.

இப்பாட்டு நம் திருத்தணிக்கும் புதியதன்று. சென்னையினின்று அரக்கோணம் வழியாக இவ்வூர்க்கு வரும் மின்தொடர் வண்டியில், பெட்டியின் சுவரையே பறையாகத் தட்டிப் பாடிவரும் மாணவரைக் காணாதார் நம்மில் யார்? அவரை நோக்கி முகஞ் சுளிப்போர், வண்டியினின்று இறங்கி மலையை அண்ணாந்து நோக்குவாராக.

அம்மலை குறிஞ்சி நிலம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்குமுரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணா, மரம், புள் என்பவற்றோடு பறையையும் எண்ணினார். பறையில்லாத நிலம் தமிழிலக்கணத்தில் இல்லை. குறிஞ்சிக்குரியது தொண்டகப்பறை. திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடற் பகுதியில், குறவர் தொண்டகச் சிறுபறைக்கு ஏற்பக் குரவையாட, முருகன் அம்மகளிரோடு கைகோத்து ஆடுவதாக நக்கீரர் பாடுகின்றார். திருத்தணியைக் குன்றுதோறாடலுக்குரிய பதியாகக் கொள்ளுதல் மரபு. யாம் சமயத்தாற் கிறிஸ்தவராயினும் தமிழ் பயில்வோராதலின் இதனைக் கூற உரிமையுடையோம்: மலைமேலிருப்பவன் பறை கேட்டு ஆடியவன். அவன் அடிவாரத்திற் பறையைப் பழித்தல் பொருந்துமோ?

முத்துசாமி தீட்சிதர் (1775-1835) வரலாற்றையும் நோக்குக. திருத்தணி மலையிலே முதியவர் ஒருவர் அவர் வாயிற் கற்கண்டை இட்டனர் என்றும், அப்பொழுதே அவருடைய முதற் கீர்த்தனை மாயாமாளவகௌளை இராகத்திற் பிறந்ததென்றும் வழிவழியாகக் கூறுவர். அத்தீட்சிதரே, சென்னைக் கோட்டையில் ஆங்கிலப் படையினர் வாசித்த பாண்டு மெட்டுக்களைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுவரம் என்று இன்றும் பாடப்படுகின்றன. படைவீரன் ஊதிய குழலைத் தீண்டத்தகாததென்று அவர் தள்ளினாரல்லர். பெரியோர் செவி அகன்றது. சிறியோர் செவியே குறுகியது.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் நோக்குதல் கடனாகும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) நம் நாட்டுப் பண்களிற் கீர்த்தனைகள் இயற்றித் தந்தமையால், திருச்சபையிலே தமிழிசை மணக்கின்றது. எனினும் கருநாடக இசையையும் ஆர்மோனியத்தையும் உள்ளே அழைத்த நம்மவர், பறையை நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். பறையொலித்த தெருக்களிலிருந்தே திருச்சபைக்கு வந்த மக்கள் அளவிலர் என்பதை நினையுங்கால் இதன் கொடுமை விளங்கும். மதுரை இறையியல் கல்லூரியிற் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பெற்றவர், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டிற் கொணர உழைத்து 2005-ல் மறைந்தார். 150ஆம் சங்கீதத்தைப் படிப்பார்க்கு அவர் செய்தது புதுமையாகத் தோன்றாது. எக்காளமும் வீணையும் மட்டுமோ, நடனமும் ஓங்கி ஒலிக்கும் தாளங்களும் அங்கே கடவுளைத் துதிக்க அழைக்கப்படுகின்றன.

இனி, பாடல்களின் தன்மையைப் பார்ப்போம். இவர்கள் பாடும் பொருள்கள் இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி, வடசென்னை வாழ்வு, அம்பேத்கரின் அறவுரை போல்வன. செய்தித்தாளில் வழக்காக நின்றவை ஈண்டுத் தாளத்தோடு கூடிய வாழ்க்கையாகின்றன. எள்ளல் இவர்தம் கூரிய கருவி. துயரைச் சொல்லிக்கொண்டே சிரிக்க வைப்பர். சிரித்தவன் வாய் மூடுமுன் நாணுவான். தொகுதிக்கு 'மகிழ்ச்சி' என்று பெயரிட்டதே ஓர் அறைகூவலாம். ஒடுக்கப்பட்டோர் அழுதாலன்றி நம்பாத உலகின் முன்னே, யாங்கள் மகிழ்வோம் என்று நிற்றல் பெருந்துணிவன்றோ?

குறை இல்லையோவெனின், உண்டு. சிற்சில இடங்களில் முழக்கம் பாட்டை விழுங்கிவிடுகின்றது. கருத்தை ஒருமுறை கேட்டபின், மறுமுறை கேட்பதற்குரிய இன்பம் குறைகின்றது. ஒருவன் பெயரும் ஊரும் தொழிலும் சொல்லிப் பாடும் கானா நெஞ்சில் நிற்பதுபோல், கொள்கையை மட்டும் சொல்லும் பாட்டு நிற்பதில்லை. ஆயின் இக்குறை இளமையின் குறை, இசையின் குறையன்று. கடுஞ்சொல் மிகுதி என்பார்க்கு யாம் கூறும் விடை வேறு. பட்டவன் சொல் பட்டுப்போன்று இராது.

இவையெல்லாவற்றினும் எம்மை வருத்துவது பிறிதொன்று. இரைச்சல் என்று இகழ்ந்த காலம் மெல்லக் கழிந்து வருகின்றது. இக்காலத்துக் கலைவிழாக்களிற் பறைக்கு வரவேற்பு மிகுதி. கல்லூரி மாணவரும் விரும்பிக் கற்கின்றனர். நன்று. ஆனாற் கருவி மேடையேறிய பின்னும், அதனை வழிவழியாக முழக்கினோன் ஊர்ப்புறத்தே நிற்பானாயின், அஃது இசைக்குக் கிடைத்த வெற்றியாகுமோ? தோலை ஏற்று, அதனை வார்த்துக் காய்ச்சிய கையை மறுத்தல், முன்னைய இகழ்ச்சியினும் நுட்பமான இகழ்ச்சி. சாவு வீட்டிற்கு இவன் பறையடித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்திய வழக்கமும், மேடைக்கு இவன் பறை மட்டும் போதும் என்னும் வழக்கமும் ஒரு வேரிற் கிளைத்தவையே. 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் தனிச்சிறப்பு ஈதே: கருவியை அதற்குரிய மனிதனிடமிருந்து பிரித்து நமக்கு அவர்கள் தரவில்லை. பாட்டு வேண்டுமாயின் பாடுவோனையும் ஏற்றுக்கொள் என்கின்றனர்.

ஆதலின் எம்மனோர் செய்யத்தக்கன சில உள. கல்லூரி விழாக்களுக்குப் பறைக் கலைஞரை அழைக்குங்கால், பிற வித்துவான்களுக்கு நல்கும் மதிப்பூதியத்தையும் நாற்காலியையும் பந்தியையும் அவர்க்கும் நல்குதல் வேண்டும். தமிழ் மாணவராகிய யாம், கையறுநிலைப் பாடல்களைப் பயிலும் வகுப்பிலே கானாவையும் ஒப்புநோக்கிக் கற்றல் வேண்டும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் புறத்துச் சிற்றூர்களிற் பறைமுழக்கும் முதியோர் பலர் உளர். அவர் அறிந்த அடிகளையும் தாளங்களையும் அவர் பெயரோடு எழுதி வைத்தல் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

பறை என்னும் சொல்லுக்குக் கருவி என்பதோடு சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. நெடுங்காலம் அதன் ஓசையை மட்டும் கேட்டோம். அது சொல்லியதைக் கேட்க இவ்விளைஞர் நம்மை அழைக்கின்றனர். கேட்போமாக.