ரேகை பேசும்! முழுக் கதையும் பேசுமா?



போன வருஷம் என் அம்மா வேலை செய்யும் அடுக்குமாடி வீட்டில் ஒரு ஜிமிக்கி காணாமல் போனது. "போலீஸ வெச்சு பீரோவுல ரேகை எடுத்தா தெரிஞ்சிடும்" என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்களாம். மூன்றாம் நாள் அது தலையணை உறைக்குள் கிடைத்தது. அன்று ராத்திரி அம்மா, "தினமும் அந்த பீரோவத் துடைக்கிறது நான்தானே? ரேகை எடுத்தா என்னோடதுதானே வரும்?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒட்டிக்கொள்ளும். அது சுலபமாகக் கண்ணுக்குத் தெரியாது. வழக்கமாகப் பொடி தூவிப் பார்ப்பார்கள். பிரஷ் பட்டு ரேகை கெட்டுப்போவதும் உண்டு. இதற்கு இன்னொரு வழி, புற ஊதாக் கதிர். 254 நானோமீட்டர் அலைநீளக் கதிரைக் கண்ணாடி போன்ற வழவழப்பான இடத்தில் சாய்வாக அடிப்பார்கள். வழவழப்பான பரப்பு அதை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்பும். ரேகைக் கோடுகளோ நாலா பக்கமும் சிதறடிக்கும். சாதாரண கண்ணாடி லென்ஸ் இந்தக் கதிரை உள்ளே விடாது. அதனால் குவார்ட்ஸ் லென்ஸ் வைத்த தனிக் கேமரா வேண்டும். அதில் பார்த்தால், தொடாமலேயே ரேகை தெரியும்! ஆனால் இந்தக் கதிர் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். பாதுகாப்போடுதான் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! ஆனால் அந்த ரேகை 'யார் தொட்டார்' என்றுதான் சொல்லும். 'எதற்காகத் தொட்டார்' என்று சொல்லாது.

இதை நம் நாட்டு நீதிமன்றமே அன்று யோசித்திருக்கிறது. வங்காளத்தில் ஜல்பாய்குரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையானார். அங்கே கிடந்த பஞ்சாங்கத்தில் ரத்தக் கறையோடு ஒரு விரல் ரேகை இருந்தது. 1897-ல் கல்கத்தாவில் தொடங்கிய ரேகைப் பிரிவு, அது முன்னாள் வேலைக்காரர் கங்காலி சரணுடையது என்று கண்டுபிடித்தது. 1898-ல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்குத் தண்டனை கிடைத்தது. கொலை செய்ததற்கு அது மட்டும் போதாது என்று அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டார்கள்.

என் கருத்து இதுதான். இந்தக் கேமரா எல்லா ஊருக்கும் வரட்டும். திருடியவர் மாட்டட்டும், திருடாதவர் தப்பட்டும். ஆனால் துடைத்தவர் ரேகையையும் திருடியவர் ரேகையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அதற்கு விசாரணை வேண்டும். முதலில், ஏழை என்றால் சந்தேகப்படும் மனசு மாற வேண்டும். அந்த மனசைக் காட்ட எந்தக் கேமராவும் இல்லை!

நாம் மட்டும் என்னவாம்? வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸ் காணோம் என்றால் யாருடைய பையை முதலில் கொட்டுகிறோம்? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சிந்திப்போம்! பிறகு பேசுவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
நாவலூர்.