மூலம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்

இன்றைய பதிவு சாப்பிடும்போது படிக்க உகந்ததல்ல. டிபனை முடித்துவிட்டு வாருங்கள்.

33 வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். செரிமான மண்டலத்தை வாயில் தொடங்கிப் பெருங்குடல் வரைக்கும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். கடைசி உறுப்பு வந்ததும் பையன்கள் சிரிப்பார்கள். நானும் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ட்ரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் வண்டி வரிசையில் நின்றிருக்கிறான். வலி பொறுக்காமல், வண்டியைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போயிருக்கிறான்.

"சார், உட்கார முடியல சார். மோஷன் போனா கண்ணாடித் துண்டு அறுக்கிற மாதிரி இருக்கு. வீட்ல சொல்ல வெக்கமா இருக்கு, அதான் உங்களுக்குப் போட்டேன்."

அங்கே ஒரு வலி ஊசி போட்டு, "மூலமா இருக்கும், காலையில ஓ.பி.க்கு வா" என்று அனுப்பிவிட்டார்கள். யாரும் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

ராத்திரி கேஷுவாலிட்டி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஒரு பக்கம் லாரி மோதியவர், இன்னொரு பக்கம் நெஞ்சுவலிக்காரர். நடுவில் இவன் போய் நின்றால் யாருக்கும் அவசரமாகத் தோன்றாது. ஆனாலும் பார்க்காமல் அனுப்பியது தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊரில் அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம்தான். மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் போகும். அவனுக்கு வந்தது ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் போகும்போது தோல் கிழிந்துவிடுகிறது. வலியில் உள்தசை இறுகிக்கொள்கிறது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைகிறது, புண் ஆறாது. வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் கெட்டியாகி, மறுபடி கிழிகிறது. போய்விட்டு வந்தபிறகு மணிக்கணக்காக வலிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வரும்.

அதே இடத்தில் சீழ்க்கட்டி வந்தாலும் இப்படித்தான் துடிப்பார்கள். வீக்கம், காய்ச்சல், விட்டுவிடாத விண்விண் வலி இருந்தால் அது காலை ஓ.பி. வரை காத்திருக்கிற விஷயமில்லை. சர்க்கரை நோயாளிக்கு அது உயிருக்கே உலை வைக்கும். இரண்டையும் பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டும். மறைப்பை இழுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மெதுவாக விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் வெடிப்பு கண்ணுக்கே தெரியும். அவ்வளவு வலியில் விரலை விடவும் வேண்டாம், குழாயை விடவும் வேண்டாம்.

மறுநாள் வேறோர் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். ஒரு இளம் பெண் டாக்டர். இவன் வெட்கத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். பத்தே நிமிஷம். மரத்துப்போக லிக்னோகெயின் ஜெல், தசையைத் தளர்த்த டில்டியாசெம் களிம்பு, மலம் இளக லாக்டுலோஸ் சிரப், இசப்கோல். அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தினம் இரண்டு மூன்று வேளை பத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். டிரமடால் மாதிரி கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கூட்டும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள் என்றும் எச்சரித்தார். புது வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் இப்படியே ஆறிவிடுமாம். ஆறாவிட்டால்தான் அடுத்த யோசனை. உள்தசையைச் சிறிது வெட்டிவிடும் ஆபரேஷன் நன்றாகப் பலன் தரும், ஆனால் சிலருக்குக் காற்றையோ மலத்தையோ அடக்கும் சக்தி குறையலாம். ஆகவே அது முதல் வைத்தியம் இல்லை.

இந்தப் பத்து நிமிஷம் கிடைக்காதவர்கள் எங்கே போகிறார்கள்? மின்சார ரயிலில் ஒட்டியிருக்கிறதே, மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று, அங்கே போகிறார்கள். வெட்கம்தான் அவர்களுக்கு மூலதனம்.

அவனுக்கு ஏன் வந்தது என்று டாக்டர் கேட்டபோது சொன்ன பதில் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "வரிசையில வண்டிய விட்டுட்டு எங்க டாய்லெட் தேடுறது மேடம்? அதான் தண்ணியே குடிக்கிறதில்ல." ராத்திரி பரோட்டா, பகலில் டீ, மணிக்கணக்காக அடக்கல். இதற்கு டாக்டர் சீட்டில் மருந்தில்லை. வண்டி நிற்கிற சாலையோரத்தில் கழிப்பறையும் குடிதண்ணீரும் வைக்க வேண்டியவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் இல்லையே. பிரசவமான பெண்களுக்கும் இது சகஜமாக வருகிறது. அவர்கள் போன் செய்யக்கூட ஆள் தேடுவதில்லை, பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று டாக்டர், நர்ஸ். இதைப் படிப்பீர்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் மறைப்பை இழுத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள் அம்மா, பாருங்கள் தம்பி.

மற்றவர்களுக்கு: ரத்தம் தொடர்ந்து போனாலும், எடை குறைந்தாலும், ஆறு வாரத்தில் ஆறாவிட்டாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

நேற்று அவன் மறுபடி போன் செய்தான். "சார், இப்ப பரவாயில்ல சார். டப்ப வண்டியிலயே வச்சுட்டேன்."

"வெந்நீருக்கு என்னடா பண்ற?"

"டீக்கடையில கேட்டா தர்றாங்க சார். எதுக்குன்னு மட்டும் சொல்றதில்ல."