கோட்டையைக் கட்டியது பூதமா?

எடப்பாடிக்குப் பக்கத்திலுள்ள சங்ககிரி மலைக்கோட்டையை நம் பக்கத்தார் யாவரும் அறிவார்கள். சமீபத்தில் நாமும் சில தோழர்களும் ஏறிப் பார்த்தோம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒன்றன்மேல் ஒன்றாக வாசல்கள், சரிவெல்லாம் மதில்கள், தானியக் களஞ்சியம், வெடிமருந்துக் கிடங்கு, மழைத் தண்ணீர் தேங்கும் சுனைகள், கோவிலும் உண்டு, தர்க்காவும் உண்டு. விஜயநகரத்தார் காலத்திலிருந்து பல கைகள் மாறி, 1792-ம் வருஷ ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து சேலம் சீமையோடு கும்பினியார் வசமாயிற்று. 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதும் இங்கேதான்.

இறங்கி வரும்போது ஒரு பெரியவரை, "இவ்வளவு கல்லையும் மேலே கொண்டுபோனது யாருங்க?" என்று கேட்டோம். "மனுஷனாலே ஆகுற வேலையா சாமி? ராத்திரியோட ராத்திரியா பூதம் கட்டினதுங்க" என்றார். நம்மைச் "சாமி" என்றதை விட்டுவிடுவோம். பூதத்தை விடுவதற்கில்லை.

பூதம் கட்டியதானால் அத்தனை வாசல் எதற்கு? பூதத்துக்கு எதிரியிடம் பயமா? சுனை எதற்கு? பூதத்துக்குத் தாகமா? களஞ்சியம் எதற்கு? பூதம் கம்பும் சோளமும் தின்னுமா? கருங்கல்லில் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறுக்கிப் பிளப்பது மனிதன் கண்ட வித்தை. சரி, ராஜா கட்டினான் என்பார்கள். ராஜா ஒரு கல்லாவது சுமந்தானா? வெயிலில் சுமந்தவனுக்கு ஊரில் பேர் இல்லை; சுமக்காத ராஜாவுக்கும், இல்லாத பூதத்துக்கும் பேர் இருக்கிறது!

ஆப்பிரிக்காவில் மகா ஜிம்பாப்வே என்னும் பழைய கல் நகரம் உண்டு. குன்றின் மேலும் கீழும் சாந்து பூசாமல் கல்லடுக்கி எழுப்பிய மதில்கள். அங்கு குடியேறிய வெள்ளையர், "கறுப்பர்களால் இது ஆகாது, ஷீபா ராணி கட்டினாள்" என்று கதை கட்டினார்கள். 1905-ல் மக்கைவர் என்பாரும், 1929-ல் கேட்டன் தாம்சன் அம்மையாரும் தோண்டிப் பார்த்து, அந்த மண்ணின் மக்களே கட்டியது என்று காட்டினார்கள். 1980-ல் விடுதலையடைந்த அந்நாடு அவ்விடிபாட்டின் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டது.

அங்கே அந்நியன் சொன்னான், "உன் பாட்டனுக்குத் திறமையில்லை" என்று. இங்கே நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளுகிறோம். இதைவிட மானக்கேடு வேறுண்டா என்று கேட்கின்றோம்.

இதில் நஷ்டமும் உண்டு. பூதம் இருந்தால் பூதம் காக்கும் புதையலும் இருக்க வேண்டுமல்லவா? அந்த ஆசையால் பழைய இடங்களின் தளக்கல்லைப் பெயர்த்துக் குழி பறிக்கிறார்கள். ஓட்டுச் சில்லும் காசும் எந்த மண்ணடுக்கில் கிடக்கிறதோ அதைக் கொண்டுதான் காலம் கணிக்க முடியும். மண்ணைக் கலைத்தால் சாட்சி போயிற்று. இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ளது; ஆனால் ஊராருக்குப் புத்தி வராமல் சர்க்கார் பலகை என்ன செய்யும்?

ஆகவே தோழர்களே! பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போங்கள். சூடம் கொளுத்தவும் வேண்டாம், பாறையில் பேர் எழுதவும் வேண்டாம். இந்தக் கல்லை இங்கே கொண்டுவந்தவன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தார்களா என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை கேட்கத் தொடங்கிவிட்டால் பூதத்துக்கு அங்கே வேலையில்லை.