கல்வித் திருவிழாவும் அதன் மறுநாளும்

மனிதன் சாகுமட்டும் மாணாக்கனாயிருத்தல் வேண்டுமென்று பிரசாரம் செய்யும் பொருட்டுத் தேசங்கள்தோறும் திருவிழா எடுக்கும் வழக்கம் பரவி வந்திருக்கிறது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டில் முதியோர் கல்வி வாரம் தொடங்கிற்று. ஸ்லோவேனியா 1996-இல் அதனைப் பின்பற்றியது. ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ, 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அதனைச் சர்வதேச வாரமாகவே துவக்கி வைத்தது. நமது சிங்கப்பூரும் பின்தங்கிவிடவில்லை. 2015-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தோன்றிற்று. அதன் பெயரால் கற்றல் திருவிழாக்களும் நடைபெற்று வந்திருக்கின்றன.

இவற்றைக் குறைகூற நாம் முன்வரவில்லை. தேருக்கும் தீபத்துக்கும் கூடிய ஜனங்கள் புத்தகத்துக்காகவும் கூடுவார்களாயின் நமக்கு அதனினும் மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் நாம் கேட்பது ஒன்றே: திருவிழாவின் மறுநாள் என்ன நடக்கிறது?

இதற்கு விடை தேடுமுன், "அறுபது வயதில் அரிச்சுவடியா?" என்று நகைக்கும் நம்மவரை முதலில் கவனித்து அனுப்பிவிடுவோம். சிங்கப்பூர் சர்க்கார் 1960-ஆம் ஆண்டிலேயே முதியோர் கல்விக் கழகத்தை நிறுவியது. 1983-இல், ஆரம்பக் கல்வியை முடிக்காத தொழிலாளர்க்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் பெஸ்ட் என்னும் திட்டம் வந்தது. பகலில் இயந்திரத்தோடு போராடிய கைகள் மாலையில் பென்சில் பிடித்தன. வயதைக் கண்டு வெட்கப்பட்டிருந்தால் அவர்கள் கூலிகளாகவே காலங்கழித்திருப்பார்கள். நகைப்பவர்க்கு இது போதும்.

நிற்க. திருவிழாவின் மறுநாளைப் பற்றிப் பேசுவோம். பிரிட்டன் நடத்திய வாரத்தில் ஒரு நல்ல ஏற்பாடிருந்தது. வீட்டிலிருந்தபடியே காசு செலவின்றித் தொலைபேசியில் கேட்டால், எந்தப் பாடத்தை எங்கே பயிலலாம் என்று வழிகாட்டுவதற்கு ஆள் வைத்திருந்தார்கள். கொட்டுமேளத்தைக் கேட்டு ஆசை கொண்டவனைக் கையைப் பிடித்து வகுப்பறை வாயிலில் கொண்டுபோய் விடுவதல்லவா திருவிழாவின் வேலை? நம்மிடமோ எத்தனை பேர் வந்தனர் என்ற கணக்கே பெரிதாகப் பேசப்படுகிறது. வந்தவரில் எத்தனை பேர் ஆறு மாதங் கழித்தும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யார் கேட்கிறார்கள்?

பணம் இல்லையென்று சொல்லவும் வழியில்லை. 2016-ஆம் ஆண்டு முதல், 25 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் படிப்புச் செலவுக்காக 500 வெள்ளி ஒதுக்கப்பட்டது. (இந்த நிதியில் 2017-இல் ஒரு மோசடிக் கூட்டம் ஏறக்குறைய 4 கோடி வெள்ளியைச் சுருட்டியது. கல்வியைப் பெற நம்மவர் தயங்கி நிற்கையில், கள்ளர் தயங்கவில்லை!) 2024-இல், 40 வயதைக் கடந்தோர்க்கு மேலும் 4,000 வெள்ளி அளிக்கப்பட்டது. இஃது உயர்ந்த காரியமே. ஆயினும் இப்பெருந்தொகை உத்தியோகத்துக்கு உதவும் பாடங்களுக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டவற்றில்தான் செல்லும். வேலைக்குப் போகாத பாட்டி, தன் பேரனுக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுத விரும்பினால் அவ்வாசையைக் கல்வி என்று கொள்வதா, பொழுதுபோக்கு என்று தள்ளுவதா? பிழைப்புக்கு உதவாத அறிவு அறிவே அன்று என்னும் கொள்கை நம் வீடுகளில் பெண்களைப் படிக்கவொட்டாமல் அடித்த பழைய கொள்கையின் தம்பியே என்று நாம் துணிந்து கூறுவோம்.

பாஷையின் சங்கதி இன்னும் கசப்பானது. 1923-ஆம் ஆண்டு மலாயாத் தொழிலாளர் சட்டத்தின்படி, பத்துக் குழந்தைகள் இருந்த தோட்டங்களில் துரைமார் பள்ளிக்கூடம் வைக்கவேண்டியதாயிற்று. அங்கே சில வகுப்புக்கள் தமிழில் படித்து, பின்னர்ச் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தோர் இன்றும் நம்மிடையே முதியவர்களாக வாழ்கின்றனர். இவ்வூரின் கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியாகிய உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அதில் பயின்றவர்களுக்கும் இன்று தலை நரைத்துவிட்டது. இவர்கள் கல்வித் திருவிழாவுக்குப் போனால், அங்கே பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. எல்லா வயதினர்க்கும் என்று எழுதப்பட்ட பலகையின் கீழ், இந்த வயதினர் மட்டும் வாசலில் நிற்கவேண்டுமா? குடிமக்களல்லாத நம் சகோதரத் தொழிலாளர்க்கோ அந்தக் கற்றல் நிதியே கிடையாது. மாடிமேல் மாடி கட்டித் தருபவன் அவன். அம்மாடியில் நடக்கும் வகுப்பு அவனுக்கில்லை.

இதையெல்லாம் சர்க்காரின் தலையிலேயே சுமத்திவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாமா? நம் சங்கங்கள் என்ன செய்கின்றன? 2007 முதல் ஏப்ரல் மாதந்தோறும் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. பல அமைப்புக்கள் அதில் கலந்துகொள்கின்றன. நாம் கண்டவரையில், மேடையில் பேசிப் பரிசு பெறுவோர் பெரும்பாலும் பிள்ளைகள். நாற்காலியில் அமர்ந்து கைதட்டுவோர் பெற்றோர். பிள்ளைக்குப் பேச்சுப் போட்டி வைத்த சங்கம், அவன் தாய்க்கு ஒரு வகுப்பு வைத்ததா? மாலைக்கும் பொன்னாடைக்கும் படம் பிடிப்பதற்கும் செலவாகும் வெள்ளி, ஓர் ஆசிரியருக்குச் சில மாதச் சம்பளமாகாதா? வகுப்பு நடத்த அரண்மனை வேண்டியதில்லை. சங்க மண்டபத்தின் ஒரு மூலையும் பத்து நாற்காலியும் போதும். தமிழ்ப் புத்தகங்களோ பொது நூலகங்களிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எழுதவும் படிக்கவும் தெரியாதவர்க்குத் தமிழ், தமிழ் மட்டும் தெரிந்தவர்க்கு ஆங்கிலம், இரண்டும் அறிந்தவர்க்குக் கணினி என்று வாரத்தில் ஒரு மாலை நடத்தத் தடை என்ன? குடியுரிமைச் சீட்டைக் கேளாமல், வந்தவரை உட்கார வைக்கலாமே!

"ஆட்கள் வரமாட்டார்கள்" என்று காரியதரிசிகள் சொல்வதுண்டு. ஒரு மாதம் நடத்திப் பார்த்த பின் சொல்லட்டும். நடத்தாமலே சொல்வது சோம்பலுக்குப் போர்த்திய போர்வை.

அடுத்த ஏப்ரலில் விழா அழைப்பிதழ் அச்சிடும் சங்கங்கள் தலைவர் பெயரையும் சிறப்பு விருந்தினர் பெயரையும் போட்டுக்கொள்ளட்டும். அவற்றின் கீழே, மறுவாரம் தொடங்கும் முதியோர் வகுப்பின் நாள், நேரம், இடம், ஆசிரியர் பெயர் ஆகிய நான்கையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். அவ்வாறு வரும் அழைப்பிதழ் எச்சங்கத்தினுடையதாயினும் அதனை இப்பக்கங்களில் கட்டணமின்றி வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.